வீட்டில் முதல் பீர்: எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை

முதன்முறையாக வீட்டில் பீர் தயாரிக்கும் ஒருவர், நொதிக்கும் வாளியை மூடி வைத்த மறுநாளே பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: இதைக் குடித்தால் உயிருக்கு ஏதாவது ஆகிவிடுமா? கேள்வி நியாயமானது. ஆனால் அந்த அச்சம் பல நேரங்களில் தவறான இடத்தில் போய் நிற்கிறது. வாளிக்குள் மிதக்கும் பழுப்பு நுரையைக் கண்டு பயந்து 20 லிட்டரையும் சாக்கடையில் ஊற்றிவிடுகிறவர், நொதித்து முடியாத பீரைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்துப் படுக்கையறை அலமாரியில் அடுக்கி வைக்கத் தயங்குவதில்லை. அந்த நுரையால் யாருக்கும் தீங்கு நேர்வதில்லை. அந்தப் புட்டிகளோ ஒருவரின் கண்பார்வையைப் பறித்துவிடக்கூடும். இந்த வழிகாட்டியில் கிருமிகளைப் பற்றிச் சுருக்கமாகவும், அழுத்தம், சூடு, கண்ணாடி ஆகியவற்றைப் பற்றி விரிவாகவும் சொல்லப்படுவதற்கு அதுவே காரணம்.

தொடங்கும் முன் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 1963ஆம் ஆண்டு முதல் வீட்டுத் தேவைக்குப் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, பெரியவர்கள் இருவரோ அதற்கு மேலோ உள்ள ஒரு வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை வரியின்றித் தயாரிக்கலாம். எனினும் மாநிலச் சட்டங்கள் தனியானவை என்பதால், மிசிசிப்பியும் அலபாமாவும் 2013இல்தான் அனுமதி வழங்கின. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இன்றி எந்த மதுவையும் தயாரிப்பது குற்றம். ஆகவே கீழே உள்ளவை அனைத்தும் இத்தொழில் அனுமதிக்கப்பட்ட நாடுகளில் வசிப்பவர்களுக்கே பொருந்தும். எந்த நாட்டில் இருந்தாலும், நொதித்த திரவத்தை வடிகலத்தில் ஏற்றிச் சாராயம் இறக்க முயல வேண்டாம். பீர் காய்ச்சும் அனுமதிக்குள் அது அடங்காது. தீப்பற்றும் அபாயமும் உடன் வரும்.

எடுத்துக்காட்டாக, மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய வாற்கோதுமைச் சாற்றைச் சுண்டவைத்தது) கொண்டு செய்யப்படும் 20 லிட்டர் பேல் ஏல் (வெளிர் நிறப் பீர் வகை) ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் முயற்சியில் பெரும்பாலோர் செய்வது இதைத்தான். நீரில் எக்ஸ்ட்ராக்டைக் கரைத்து, ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூ) சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, 20 டிகிரி செல்சியஸ் வரை குளிரவைத்து, ஈஸ்ட் தூவி, ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத அடைப்பான்) பொருத்திய பிளாஸ்டிக் வாளியில் ஏறக்குறைய இரண்டு வாரம் நொதிக்கவிட்டு, பிறகு புட்டியில் அடைக்கிறோம்.

மெத்தனால் பயம்

தமிழர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் எழுவது மெத்தனால் பற்றிய பயமே. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அங்கே நடந்தது நொதித்தலின் பிழை அன்று. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனாலைச் சாராயத்தில் கலந்து விற்றதால் நேர்ந்த சாவுகள் அவை. ஈஸ்ட் சர்க்கரையை உண்டு வெளியிடுவது எத்தனாலும் கரியமில வாயுவும்தான். இயற்கையான நொதித்தலில் மெத்தனால் உருவாவதற்கு முக்கிய மூலம் பழங்களின் தோலிலும் சதையிலும் உள்ள பெக்டின். வாற்கோதுமையில் அது மிகக் குறைவு. கடையில் வாங்கும் பீரில் எவ்வளவு சிறு அளவு மெத்தனால் இருக்குமோ, அதே அளவுதான் உங்கள் வாளியிலும் இருக்கும். மால்ட், ஹாப்ஸ், நீர், ஈஸ்ட், புட்டியில் அடைக்கும்போது சேர்க்கும் சிறிது சர்க்கரை ஆகியவற்றைத் தவிர வேறு எதையும் நீங்கள் ஊற்றாத வரை இந்தப் பயத்திற்கு இடமே இல்லை.

கிருமிகள்: எங்கே தடுக்கப்படுகின்றன, எங்கே தடுக்கப்படுவதில்லை

நோய் உண்டாக்கும் கிருமிகளுக்குப் பீர் ஒரு மோசமான இருப்பிடம். ஒரு மணி நேரக் கொதி அவற்றில் பெரும்பாலானவற்றை அழித்துவிடுகிறது. பிறகு ஈஸ்ட் வேலையைத் தொடங்கியதும் திரவத்தின் அமிலத்தன்மை கூடி, அதன் பிஎச் ஏறக்குறைய 4 முதல் 4.5 வரை இறங்குகிறது. ஆல்கஹால் 5 சதவீதத்தை நெருங்குகிறது, ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் பல பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. இத்தனை தடைகளும் ஒன்றுசேரும்போது சால்மோனெல்லா போன்றவை அங்கே பெருக முடிவதில்லை. பீரில் வளரக்கூடியவை காட்டு ஈஸ்டுகளும் லாக்டோபேசிலஸ் போன்ற அமில பாக்டீரியாக்களுமே. அவை சுவையைக் கெடுக்கும், புளிக்க வைக்கும். ஆனால் குடித்தவரை நோயில் தள்ளுவதில்லை.

இந்த ஆறுதல் முழுவதும் நொதித்த பீருக்கு உரியது. ஈஸ்ட் சேர்க்காத மால்ட் நீருக்கு, அதாவது வோர்ட்டுக்கு, இது பொருந்தாது. இந்த வேறுபாட்டைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. வோர்ட்டின் பிஎச் 5க்கு மேல் இருக்கும், அதில் சர்க்கரையும் புரதமும் நிறைந்திருக்கும், ஆல்கஹால் இருக்காது. பொட்டுலிசம் என்னும் உயிர்க்கொல்லி நச்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் பாக்டீரியாவின் வித்துகள் சாதாரணக் கொதியில் சாவதில்லை. அவற்றை அழிக்கப் பிரஷர் கேனரில் (உணவை ஜாடியில் அடைத்துப் பதப்படுத்தும் அழுத்தக் கலனில்) எட்டப்படும் 121 டிகிரி வேண்டும். காற்றுப் புகாமல் மூடிய, பிஎச் 4.6க்கு மேற்பட்ட, அறை வெப்பத்தில் இருக்கும் திரவம் அந்த வித்துகள் முளைப்பதற்கு ஏற்ற சூழல். கொதித்த வோர்ட்டை ஜாடியில் அடைத்து, பிறகு பயன்படுத்தலாம் என்று அலமாரியில் வாரக்கணக்கில் வைப்பது அதனால்தான் உண்மையிலேயே ஆபத்தானது. மிஞ்சிய வோர்ட்டைச் சேமிக்க வேண்டுமானால் உறைபெட்டியில் உறைய வையுங்கள்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி பிறக்கிறது: குளிரவைத்த அன்றே, போதுமான அளவு ஈஸ்டைச் சேர்த்துவிட வேண்டும். 20 லிட்டருக்கு 11 கிராம் உலர் ஈஸ்ட் பொட்டலம் ஒன்று போதும். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். நொதித்தல் கண்ணுக்குத் தெரியத் தொடங்க 12 முதல் 24 மணி நேரம் ஆவது இயல்பு. சில நேரங்களில் இரண்டு நாள்கூட ஆகலாம். ஏர்லாக்கில் குமிழி வரவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வாளி மூடியின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வாயு அவ்வழியே போய்விடும். மூடியைத் திறந்து நுரை இருக்கிறதா என்று பாருங்கள். திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவையான ஹைட்ரோமீட்டரை இட்டு, சர்க்கரை குறைந்து அடர்த்தி இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் தாமதிக்காமல் புதிய ஈஸ்ட் ஒரு பொட்டலம் சேர்க்க வேண்டும். மூன்று நாள் கடந்தும் அசைவே இல்லாமல் கிடந்த வோர்ட்டைக் கொட்டிவிடுவதே என் பரிந்துரை. எக்ஸ்ட்ராக்டுக்குச் செலவிட்ட பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். அதே காரணத்தால், ஆல்கஹால் இல்லாத பீரை முதல் முயற்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே மேற்சொன்ன தடைகளில் முக்கியமான ஒன்று இல்லாமல் போகிறது.

பார்க்கப் பயமாக இருப்பவை

முதல் மூன்று நாட்களில் வாளியின் மேற்பரப்பில் விரற்கடை உயரத்திற்கு மேல் எழும் நுரையில் பழுப்புத் திட்டுகள், பச்சை நிற ஹாப்ஸ் துகள்கள், பிசினைப் போன்ற கறுத்த வளையங்கள் எல்லாம் இருக்கும். அவை புரதமும் ஹாப்ஸ் பிசினும் ஈஸ்டும் கலந்தவை. நுரை அடங்கிய பின் வெளிர் நிறத் தீவுகளாக மிதப்பதும் ஈஸ்டுதான். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஈஸ்ட் வெளியிடும் கந்தக வாயு, லாகர் (குளிர்ச்சியில் நொதிக்கவிடும் பீர் வகை) ஈஸ்டுகளில் இது மிகுதி, நாளடைவில் போய்விடும். பச்சை ஆப்பிள் மணமும் வெண்ணெய் மணமும் நொதித்தல் இன்னும் முழுமை பெறவில்லை என்பதற்கான அடையாளங்கள். இன்னும் சில நாள் விட்டுவைத்தால் ஈஸ்டே அவற்றைப் பெரும்பாலும் சரிசெய்துவிடும்.

மேற்பரப்பில் வெள்ளைப் படலம் விரிந்து, அதில் பெரிய குமிழிகள் சுருங்கிய தோலுக்கு அடியில் சிக்கியதைப் போலத் தெரிந்தால், காட்டு ஈஸ்டோ பாக்டீரியாவோ புகுந்திருக்கிறது. உடலுக்குக் கேடில்லை, ஆனால் அதைப் புட்டியில் அடைப்பது தொல்லை. காரணம் கீழே வருகிறது. பஞ்சு போல உயர்ந்து, பச்சையாகவோ கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ தோன்றும் பூஞ்சையை மட்டும் மன்னிக்கக் கூடாது. பூஞ்சைகள் சில நச்சுகளைத் திரவத்தில் கரையவிடும் என்பதால், மேலே வழித்தெடுத்துவிட்டு மீதியைக் குடிக்கலாம் என்று எண்ணாமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள். வாந்தி வரவழைக்கும் நாற்றமடிக்கும் பீரையும் ஆராய்ச்சி செய்து பார்க்கத் தேவையில்லை.

வெப்பம் வேறொரு கணக்கு. நொதித்தல் தானாகவே வெப்பத்தை வெளியிடுவதால் வாளியின் உள்ளே அறையைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். 24 டிகிரியைத் தாண்டிவிட்டால் பெரும்பாலான ஏல் ஈஸ்டுகள் கடுமையான காட்டம் தரும் உயர் ஆல்கஹால்களை மிகுதியாக உண்டாக்கும். அது விஷமன்று, ஆனாலும் குடிப்பதற்குச் சுகப்படாது. அறையை 18 டிகிரி அளவில் வைத்துக்கொள்ள முயலுங்கள். இயலாதவர்கள் வாளியை நீர்த்தொட்டியில் நிறுத்தி, நாளுக்கு இருமுறை பனிக்கட்டிப் புட்டிகளை மாற்றலாம்.

தூய்மையும் அதன் மருந்துகளும்

கழுவுவதும் கிருமிநீக்கம் செய்வதும் தனித்தனி வேலைகள். அழுக்கு ஒட்டியிருக்கும் பரப்பில் எந்த மருந்தும் முழுமையாக வேலை செய்யாது. முதலில் சோடியம் பெர்கார்பனேட் கலந்த வெந்நீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். பிளாஸ்டிக்கைக் கீறும் நார் வேண்டாம், கீறலுக்குள் கிருமி தங்கும். அதன் பிறகு, கொதித்து ஆறிய வோர்ட்டைத் தொடப்போகும் பொருள்களுக்கு மட்டும் கிருமிநாசினி. ஸ்டார் சான் போன்ற அமில மருந்தை லிட்டருக்கு 1.5 மில்லி என்ற அளவில் கலந்தால், அலச வேண்டிய தேவையே இல்லை. எஞ்சும் நுரையும் கேடு செய்யாது. கலக்காத மருந்தைக் கையாளும்போது மட்டும் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம், அது தோலை அரிக்கும்.

வீட்டில் பிளீச் இருக்கிறதே என்று அதை எடுப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். அதனுடன் வினிகரையோ ஸ்டார் சானையோ வேறு எந்த அமிலத்தையோ சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சமையலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். சரியாக அலசாமல் விட்டால் பீரில் மருத்துவமனை வாடை ஏறும். என்னைக் கேட்டால், பிளீச்சை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

பாத்திரத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். பழைய மெருகுப் பீங்கான் ஜாடிகளின் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். பீரின் அமிலம் வாரக்கணக்கில் அதைக் கரைத்தெடுக்கும். துத்தநாகம் பூசிய இரும்பு வாளியும் கூடாது. உணவுத் தரப் பிளாஸ்டிக் அல்லது துருப்பிடிக்காத எஃகு போதும்.

சூடும் கண்ணாடியும்

10 லிட்டர் கொதிக்க வைக்க 15 லிட்டர் பாத்திரமாவது வேண்டும். வோர்ட் கொதி பிடிக்கும் தருணத்திலும், முதல் ஹாப்ஸைப் போடும் கணத்திலும், பாலைவிட வேகமாகப் பொங்கி அடுப்பில் வழியும். சர்க்கரைப் பாகு போன்ற அந்தத் திரவம் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். எக்ஸ்ட்ராக்டைச் சேர்க்கும்போது தீயை அணைத்துவிட்டுக் கலக்குங்கள். வெளிப்புறப் பயன்பாட்டிற்கான புரோபேன் அடுப்பைக் குளிர் நாட்டில் கராஜுக்குள்ளோ அடித்தளத்திலோ வைத்து எரிக்கவே கூடாது. மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு நிரம்பி ஆளைக் கொன்றுவிடும்.

பெரிய கண்ணாடிக் குடுவைகள் பழைய வழிகாட்டிகளில் இன்னும் புகழப்படுகின்றன. ஈரக்கையில் 20 கிலோவுக்கு மேல் கனக்கும் அந்தக் குடுவை வழுக்கி விழுந்து, கையிலும் காலிலும் நரம்பு அறுபடும் அளவுக்குக் காயம்பட்டவர்கள் உண்டு; சூடான திரவத்தை ஊற்றினாலும் அது விரிசல் விட்டு உடையும். முதல் முயற்சிக்குப் பிளாஸ்டிக் வாளியே நல்லது. அதிலும் ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள். இல்லையென்றால் எழும் நுரை ஏர்லாக்கை அடைத்து, அழுத்தம் ஏறி, மூடி கூரை வரை பறக்கும். நுரை மிகும் எனத் தோன்றினால் ஏர்லாக்கிற்குப் பதில் தடித்த குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் மறுமுனையைக் கிருமிநாசினி உள்ள குவளையில் அமிழ்த்தி வையுங்கள்.

புட்டி வெடிப்பது

இதுவே நான் மிகவும் கவலைப்படும் இடம். புட்டிக்குள் பீர் நுரைகட்ட வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் சர்க்கரை சேர்க்கிறோம். ஈஸ்ட் அதை உண்டு, வெளியேற வழியில்லாத கரியமில வாயுவை உண்டாக்குகிறது. நொதித்து முடிந்த பீரில், 20 டிகிரியில், லிட்டருக்கு ஏறக்குறைய 1.7 கிராம் வாயு முன்பே கரைந்திருக்கும். லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை இன்னும் 3 கிராம் வாயுவைத் தரும். மொத்தம் 4.7 கிராம், சாதாரண பீர்ப் புட்டி இதைத் தாங்கும்.

இப்போது நொதித்தல் முடியாமலேயே அடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். தொடக்க அடர்த்தி (நீரை 1.000 எனக் கொண்ட அளவில்) 1.050, இறங்கி நிற்க வேண்டிய இடம் 1.012, நீங்கள் அடைத்ததோ 1.018இல். எஞ்சிய ஒவ்வொரு 0.001க்கும் லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம் வாயு எனக் கொண்டால், கூடுதலாக 6 கிராம். மொத்தம் 10.7 கிராம். அறை வெப்பத்தில் அந்தப் புட்டிக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரில் உள்ளதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வெயில் படும் இடமானால் இன்னும் ஏறும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் உள்ளவையும் தொடர்ந்து வெடிக்கும். சில்லுகள் சுவரில் குத்தி நிற்கும்.

தடுப்பது கடினமன்று, ஹைட்ரோமீட்டரும் பொறுமையும் இருந்தால் போதும். இரண்டு வாரம் கழித்து மாதிரி எடுங்கள். அளவு குழாயில் மிதக்கவிட்டதும் ஹைட்ரோமீட்டரை விரலால் ஒருமுறை சுழற்றிவிட வேண்டும். அதன் உடலில் ஒட்டும் சிறு குமிழிகள் அதைத் தூக்கிப் பிடித்து, உண்மையைவிடக் கூடுதலான எண்ணைக் காட்டும். கண்ணைத் திரவ மட்டத்திற்கு இறக்கி, ஓரத்தில் ஏறிநிற்கும் வளைவைப் படிக்காமல் நடுவில் உள்ள தட்டையான மட்டத்தைப் படியுங்கள். மூன்று நாள் கழித்து மறுபடியும் அளந்து, இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால்தான் அடைக்கலாம். ஏர்லாக் அமைதியாகிவிட்டது என்பதோ, நாள் கணக்கு முடிந்துவிட்டது என்பதோ சான்றாகாது. 1.020 போன்ற உயர்ந்த இடத்தில் நின்றுவிட்டால், வாளியை 21 டிகிரிக்கு நகர்த்தி, மெல்ல அசைத்து, ஒரு வாரம் காத்திருங்கள். அதன் பிறகும் அசையாவிட்டால் புதிய ஈஸ்ட் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் ஐயம் இருந்தால் கண்ணாடியைத் தவிர்த்து, சோடா விற்கும் பெட் (PET) பிளாஸ்டிக் புட்டிகளில் அடையுங்கள்.

சர்க்கரையைக் கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள்: 20 லிட்டருக்கு 120 கிராம். அதைச் சிறிது நீரில் கொதிக்க வைத்து ஆற்றி, வேறொரு சுத்தமான வாளியின் அடியில் ஊற்றி, பீரை அதன் மேல் குழாய் வழியாக மெதுவாக இறக்கிக் கலக்குங்கள். கலவை சமமாக இல்லையென்றால் சில புட்டிகள் சப்பென்று இருக்கும்; சில புட்டிகள் அபாயமாக மாறும். கிரௌன் மூடி (ஓரம் மடித்து இறுக்கும் உலோக மூடி) போடும் கனமான பீர்ப் புட்டிகளையே பயன்படுத்துங்கள். ஒயின் புட்டி, பழச்சாறு புட்டி, ஜாம் ஜாடி எதுவும் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல.

இந்தக் கணக்கைக் குலைக்கக்கூடியது தொற்று. காட்டு ஈஸ்டும், சேசான் வகைப் பீர்களில் பயன்படும் டயஸ்டாட்டிகஸ் ஈஸ்டும், சாதாரண ஈஸ்ட் தொடாத சர்க்கரைகளையும் மாதக்கணக்கில் மெல்லத் தின்றுகொண்டே இருக்கும். வெள்ளைப் படலம் வந்த பீரைப் புட்டியில் அடைக்க வேண்டாம் என்று மேலே சொன்னது இதனால்தான். எந்தத் தொகுதியிலும் ஒரு பெட் புட்டியை நிரப்பி வையுங்கள்; கையால் அழுத்திப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். அது கல் போல இறுகிவிட்டால் எல்லாப் புட்டிகளையும் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். முதல் மூன்று வாரமும் புட்டிகள் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள், குழந்தைகள் நடமாடாத, வெயில் படாத இடத்தில் இருக்கட்டும்.

ஒன்று வெடித்துவிட்டால் அறையில் இருந்து எல்லோரையும் வெளியேற்றுங்கள். வெறுங்கையோடு மற்றவற்றைத் தொடாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, முழுக்கை மேலாடை அணிந்து, கனமான போர்வையால் பெட்டியை மூடி, அதை இருக்கும் இடத்திலேயே இயன்ற அளவு குளிரவிடுங்கள். குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும். ஒரு நாளாவது குளிர்ந்த பிறகு, புட்டியைத் துணியால் சுற்றி, மூடியைச் சற்றே நெம்பி வாயுவை வெளியேற்றலாம்.

வாயுவும் நாயும்

20 லிட்டர் பீர் நொதிக்கும்போது வெளிவரும் கரியமில வாயு ஏறக்குறைய 400 லிட்டர். காற்றோட்டம் உள்ள அறையில் பல நாட்களில் பரவி வெளியேறுவதால் கேடில்லை. ஆனால் அது காற்றைவிடக் கனமானது. பெட்டி வடிவ உறைபெட்டிக்குள் வாளியை வைத்து நொதிக்க வைப்பவர்கள், திறந்ததும் தலையை உள்ளே விடாமல் சில நிமிடம் காற்றாட விட வேண்டும். ஜன்னல் இல்லாத சிறு அறையில் பல வாளிகளை வைத்துவிட்டு அங்கேயே உறங்குவதும் கூடாது.

வீட்டில் நாய் இருந்தால் ஹாப்ஸை அதற்கு எட்டாமல் வையுங்கள். கொதித்துப் பிழிந்த சக்கையைத் தின்றாலும் நாயின் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி, சில மணி நேரத்தில் உயிர் போகலாம். சக்கையை எருக்குழியில் கொட்டாமல் மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். தின்றுவிட்டது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

முதல் புட்டியைத் திறக்கும்போது

நன்றாகக் குளிரவைத்து, முகத்தை விலக்கி, கழுவுதொட்டியின் மேல் திறவுங்கள். அடியில் மெல்லிய வண்டலாகப் படிந்திருப்பது உயிருள்ள ஈஸ்ட். பெரும்பாலோருக்கு அது வயிற்று உப்புசம் தருவதோடு சரி. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் அதற்கான மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் வடிகட்டாத பீரைக் குடிக்க வேண்டாம். குளூட்டன் ஒவ்வாதவர்களுக்கு வாற்கோதுமைப் பீர் எந்த வடிவிலும் ஆகாது. 1.050இல் தொடங்கி 1.012இல் முடிந்த பீரில் 5 சதவீத ஆல்கஹால் இருக்கிறது. இரு எண்களின் வேறுபாட்டை 131ஆல் பெருக்கினால் இந்த அளவு கிடைக்கும். அதையும் அடைத்த தேதியையும் ஒவ்வொரு மூடியிலும் எழுதி வையுங்கள். வீட்டுக்கு வந்து குடிப்பவர் காரை எடுப்பதற்கு முன் தாம் எவ்வளவு குடித்திருக்கிறோம் என்பதைக் கணக்கிட அந்த எண்தான் உதவும்.